முந்நூற்றுவருக்குச் சோறு விளைத்தவர் யார்?

இளைய தலைமுறையிடம் கட்டுப்பாடு குன்றிவிட்டது என்று வருந்திப் பேசும் மேடைகளில், பண்டைய கிரேக்க நாட்டின் ஸ்பார்ட்டா நகரம் தவறாமல் தலைகாட்டி விடுகிறது. "ஏழு வயதிலேயே பிள்ளையைப் பாசறைக்கு அனுப்பினார்கள், பட்டினியும் பிரம்படியும் கொடுத்து வளர்த்தார்கள், ஆகவேதான் முந்நூறு பேர் ஒரு பேரரசின் படையையே எதிர்த்து நின்றார்கள்" என்று பேச்சாளர் முழங்குவார், அவை கைதட்டும். 2007-ஆம் ஆண்டில் உலகெங்கும் திரையிடப்பட்ட '300' என்னும் திரைப்படம் அந்தக் கைதட்டலை இன்னும் பெருக்கிவிட்டது. இவற்றைக் கேட்டும் கண்டும் வீடு திரும்பும் பெற்றோர் சிலர், நம் பிள்ளையையும் அப்படி வளர்த்துவிட முடியாதா என்று ஏங்குகின்றனர்.

பிறரைக் குறை கூறுமுன் நம் குறையை ஒப்புக்கொள்வதே முறை. வகுப்பறையில் நாமும் பல ஆண்டுகள் அந்தக் கதையைச் சுவைபடச் சொல்லி வந்தோம். ஒரு நாள் முன்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஆண்கள் எல்லாரும் எப்போதும் போர்ப் பயிற்சியிலேயே இருந்தார்கள் என்றால், அவர்களுக்கு வயலில் உழுதது யார், ஹஜ்ரத்?" என்று கேட்டான். அன்று நம்மிடம் விடை இல்லை. "உட்கார்" என்று சொல்லி அமர்த்திவிட்டோம். வீட்டிற்கு வந்த பின்னர்தான் அந்தக் கேள்வி நம்மை உறுத்தத் தொடங்கியது. தேடிப் படித்தோம். படித்த பின், அந்தக் கதையைப் பழைய முறையில் சொல்ல நமக்கு நா எழவில்லை.

நாம் ஓதிய அரபு நூல்களில் யூனான் தேசத்து அரிஸ்டாட்டில், 'அரஸ்து' என்ற பெயரோடு தருக்கத்தின் ஆசானாகவே அறிமுகமானார். அரசியலைப் பற்றிய அவரது நூலோ பண்டைய அரபு அறிஞர்களின் கைக்கு எட்டவில்லை. அந்நூல் தமக்குக் கிடைக்காததனால்தான் பிளேட்டோவின் 'குடியரசு' நூலை எடுத்துக்கொண்டதாகக் குர்துபாவின் பேரறிஞர் இப்னு ருஷ்து (1126–1198) குறிப்பிட்டிருக்கிறார். எட்டாமற்போன அந்த நூலில்தான் ஸ்பார்ட்டாவின் அமைப்பை அரிஸ்டாட்டில் துண்டு துண்டாக அலசிக் குறை கண்டிருக்கிறார். ஸ்பார்ட்டாவின் புகழ் ஊரெங்கும் பரவியிருக்க, அதன் மீது அக்காலத்திலேயே எழுந்த கண்டனம் மட்டும் நூலகத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. அதை வெளியே கொண்டுவருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உழுதவர்கள்

யூரோட்டாஸ் ஆற்றின் கரையில், தாய்கெட்டஸ் மலைக்குக் கிழக்கே அமைந்தது ஸ்பார்ட்டா. கி.மு. 8, 7-ஆம் நூற்றாண்டுகளில், மலைக்கு மேற்கே இருந்த மெஸ்ஸீனியா என்னும் வளநாட்டை அது போரிட்டுக் கைப்பற்றியது. தோற்ற மக்களை அவர்களுடைய சொந்த மண்ணிலேயே அடிமைகளாக்கி, அவர்கள் பாட்டனார் உழுத வயலையே பிறருக்காக உழ வைத்தது. ஏற்கெனவே யூரோட்டாஸ் பள்ளத்தாக்கிலும் இப்படிப்பட்ட அடிமைகள் இருந்தனர். இவர்கள் அனைவருக்கும் 'ஹெலட்டுகள்' என்று பெயர். இவர்கள் தொலை நாடுகளிலிருந்து சந்தைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் அல்லர். கிரேக்க மொழி பேசியவர்கள். ஆண்டவர்களின் தெய்வங்களையே வணங்கியவர்கள். விளைச்சலில் பாதியை எசமானுக்கு அளக்க வேண்டியிருந்தது என்பதை ஸ்பார்ட்டாவின் புலவர் திர்த்தேயஸின் பாடல் வழியாகவே அறிகிறோம்.

உழவு ஹெலட்டுகளிடம்; கைத்தொழிலும் வாணிகமும் 'பெரியோய்க்கர்' எனப்பட்ட சுற்றுப்புற ஊராரிடம். முழுக் குடியுரிமை பெற்ற ஸ்பார்ட்டியன் ஏரையும் தொடவில்லை, தராசையும் தொடவில்லை. வேலும் கேடயமும் தவிர வேறொன்றை அவன் கை அறியவில்லை.

இவர்களின் தொகை என்ன? கி.மு. 479-இல் பிளாட்டியாப் போருக்கு 5,000 ஸ்பார்ட்டியர்கள் சென்றபோது, ஒவ்வொருவருடனும் ஏழு ஹெலட்டுகள் சென்றதாக வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அப்படியானால் 35,000 பேர்! போர்க்களத்திலேயே ஒருவருக்கு ஏழு பேர் என்றால், வயலில் எத்தனை பேர் குனிந்து நின்றிருப்பார்கள்? சிறுவனின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் அந்த விடையோடு வேறு பல செய்திகளும் சேர்ந்து வந்தன.

ஆண்டுதோறும் ஒரு போர்

ஸ்பார்ட்டாவில் இரு மன்னர்கள் ஒரே காலத்தில் ஆண்டனர். அறுபது வயது கடந்த 28 முதியோர் அம்மன்னர்களுடன் அமர்ந்த அவை ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட 'எஃபோர்' என்னும் ஐந்து அதிகாரிகள் மன்னரையும் தட்டிக் கேட்கும் வல்லமை பெற்றிருந்தனர். இந்த ஐவரும் பதவியேற்றவுடன் ஒரு சடங்கு செய்தனர். தம் வயலில் உழுதுகொண்டிருந்த ஹெலட்டுகள் மீது முறைப்படி போர் அறிவித்தனர்! ஏன்? போரில் பகைவனைக் கொன்றால் கொலைப்பழி சேராது. ஆகவே அந்த ஆண்டில் எந்த ஹெலட்டைக் கொன்றாலும் கொன்றவன் கை தூயதாகவே இருக்கும். இதை அரிஸ்டாட்டில் சொன்னதாகப் புளூட்டார்க் எடுத்தெழுதியுள்ளார். தேர்ந்தெடுத்த இளைஞர்கள் குத்துவாளுடன் நாட்டுப்புறத்திற்கு அனுப்பப்பட்டனர். பகலில் பதுங்கி இரவில் வெளிப்பட்டு, அகப்பட்ட ஹெலட்டுகளைக் கொன்றனர். இந்த ஏற்பாட்டிற்குக் 'கிரிப்தெய்யா' என்று பெயர். தூங்கச் செல்லும் உழவனை இருளில் குத்துவதும் வீரப் பயிற்சியின் ஒரு பாடமாக இருந்திருக்கிறது!

இதனினும் கொடியது ஒன்றைத் தூசிடைடீஸ் பதிவு செய்துள்ளார். போரில் நாட்டுக்காகச் சிறந்த தொண்டாற்றியதாகக் கருதும் ஹெலட்டுகள் முன்வரலாம். அவர்களுக்கு விடுதலை உண்டு என்று ஸ்பார்ட்டா அறிவித்தது. அவர்களுள் ஏறத்தாழ 2,000 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்கள் தலையில் மாலை சூடிக் கோயில்களை வலம் வந்தனர்; விடுதலை பெற்றோம் என்று மகிழ்ந்தனர். சிறிது காலத்தில் அத்தனை பேரும் மறைந்து போயினர். ஒவ்வொருவரும் எப்படி மாண்டார் என்பதை எவரும் அறியவில்லை. விடுதலையை முதலில் கேட்கத் துணிந்தவன்தான் முதலில் கிளர்ந்தெழக் கூடியவன் என்று ஆண்டவர்கள் கணக்கிட்டிருந்தனர்.

அன்பர்களே, சிந்தியுங்கள். தன் நாட்டுக்காகப் போரிட்டவனைத் துணிச்சல்காரன் என்பதற்காகவே கொன்ற நாட்டை, துணிச்சலின் தாயகம் என்று நாம் பிள்ளைகளுக்குக் காட்டுவதா?

கணவாயில் கிடந்த பிணங்கள்

தெர்மாப்பிலியின் தியாகத்தை நாம் மறுக்கவில்லை. கி.மு. 480-இல் மன்னர் லியோனிடாஸும் அவருடைய 300 வீரரும் அங்கே இறுதிவரை நின்று மாண்டனர், அது மெய். ஆனால் அவர்கள் தனியாக நிற்கவில்லை. தெஸ்பியா என்ற சிற்றூரின் 700 வீரர் தாமே விரும்பி உடன் தங்கி மாண்டனர். ஸ்பார்ட்டாவுக்கு அது படையின் ஒரு பகுதிதான். தெஸ்பியாவுக்கோ அது ஊரின் பெரும்பலம். அந்த எழுநூறு பேரை எந்த மேடையில் யார் நினைவு கூர்ந்தார்கள்? போருக்குப் பின் பாரசீக மன்னர் பிணங்களைக் காட்சிக்கு வைத்தபோது, அவற்றுள் ஹெலட்டுகளும் கிடந்தனர் என்பதையும் ஹெரோடோட்டஸ் மறைக்கவில்லை. முந்நூறு என்ற கணக்கில் அவர்கள் சேரவில்லை.

அதே நூலில் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. லியோனிடாஸின் படையில் யூரிட்டஸ், அரிஸ்டோடிமஸ் என்ற இருவர் கடுமையான கண்நோயால் பார்வை குன்றிக் களத்தை விட்டு அனுப்பப்பட்டிருந்தனர். பகைவர் சுற்றி வளைத்த செய்தி கேட்டதும், யூரிட்டஸ் தன் ஹெலட்டின் கையைப் பற்றிக்கொண்டு களத்திற்குச் சென்று மாண்டான். அரிஸ்டோடிமஸ் ஊர் திரும்பினான். ஊரார் அவனுக்கு அடுப்பு மூட்ட நெருப்புக் கொடுக்கவில்லை. அவனுடன் பேசவும் இல்லை. 'நடுங்கி' என்று பட்டம் சூட்டினர். மறு ஆண்டு பிளாட்டியாவில் அவன் வெறிகொண்டவன் போல் முன்னேறிப் போரிட்டு உயிர்விட்டான். அப்போதும், அவன் சாக விரும்பியே போரிட்டான் என்று கூறி, மற்ற வீரருக்குத் தந்த சிறப்பை அவனுக்கு மறுத்துவிட்டனர். நோயாளி ஒருவனுக்கு உயிர் வாழவும் இடம் தரவில்லை. செத்த பின்பும் மன்னிப்புத் தரவில்லை.

பிரம்பு கற்பித்த பாடம்

இனி, பெற்றோர் பெரிதும் வியக்கும் அந்தக் கல்விமுறைக்கு வருவோம். ஏழு வயதில் தாயிடமிருந்து மகனைப் பிரித்தனர். பன்னிரண்டு வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஒரே ஒரு போர்வைதான் உடை, காலுக்குச் செருப்பில்லை, ஆற்றங்கரை நாணலைக் கையாலேயே ஒடித்துப் பரப்பியதுதான் படுக்கை. உணவை வேண்டுமென்றே குறைத்துக் கொடுத்தனர். மிச்சத்தைத் திருடித் தேடிக்கொள்ள விட்டனர். அகப்பட்டால் சவுக்கடி. அந்த அடி திருடியதற்காக அன்று, அகப்பட்டதற்காக!

திருடிய நரிக்குட்டியை ஆடைக்குள் மறைத்த சிறுவன் ஒருவன், அது தன் வயிற்றைக் கிழித்த போதும் வாய் திறவாமல் மாண்டான் என்ற கதையைப் புளூட்டார்க் சொல்கிறார். அதைப் பொறுமையின் சிகரம் என்று போற்றுவோர், அந்தப் பொறுமை எதற்குப் பயன்பட்டது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? ஒரு களவை மறைக்க! உண்மையைச் சொல்லி உயிர் தப்பும் வழி அந்தப் பிள்ளைக்குக் கற்பிக்கப்படவே இல்லை.

ஆசிரியர்கள் கடுமை காட்டினால் மாணவன் என்ன ஆவான் என்பதை இப்னு கல்தூன் 1377-இல் எழுதிய தம் 'முகத்திமா'வில் ஆராய்ந்துள்ளார். அடிக்கு அஞ்சி வளரும் பிள்ளையின் உள்ளம் ஒடுங்குகிறது. சோம்பலும் பொய்யும் வஞ்சகமும் அவனிடம் குடிபுகுகின்றன. உள்ளத்தில் ஒன்றும் புறத்தில் ஒன்றுமாக நடிப்பதே அவனுக்கு வழக்கமாகி, பின்னர் அதுவே குணமாகிவிடுகிறது என்பது அவர் கருத்தின் சாரம். அவர் ஸ்பார்ட்டாவைப் பற்றிப் பேசவில்லை. ஆயினும் ஸ்பார்ட்டாவின் பாசறையைக் கண்முன் வைத்துக்கொண்டு எழுதியது போலவே அது நமக்குத் தோன்றுகிறது. பிரம்பைக் கையில் பிடித்திருந்த நமக்கும் அந்தப் பகுதி ஒரு சாட்டையாகவே பட்டது என்பதை மறைப்பதற்கில்லை.

ஆர்த்திமிஸ் ஓர்த்தியா என்ற தெய்வத்தின் பலிபீடத்தில் சிறுவர்கள் சவுக்கடி பட்டனர். அடி தாளாமல் சிலர் இறந்ததைத் தாமே கண்டதாகப் புளூட்டார்க் எழுதுகிறார். உரோமானியர் ஆட்சியில், ஸ்பார்ட்டாவின் வல்லமை எல்லாம் பழங்கதையாகிப் போன பின்னரும் அந்தச் சவுக்கடி மட்டும் நிற்கவில்லை. கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் அந்தப் பீடத்தைச் சுற்றிப் பார்வையாளர் அமரப் படிக்கட்டு அரங்கமே கட்டினார்கள்! பயிற்சி என்று தொடங்கியது வேடிக்கையாய் முடிந்தது.

பிறந்த குழந்தையை முதியோர் சோதித்து, நலிந்ததாகக் கண்டால் தாய்கெட்டஸ் மலையடியில் எறிந்தனர் என்றும் புளூட்டார்க் சொல்கிறார். அவர் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர்; ஆகவே இச்செய்தியை ஐயுறும் ஆய்வாளர் உண்டு. அதை நாம் வலியுறுத்தவில்லை. ஆனால் இச்செய்தியை நம்பி, அதற்காகவே ஸ்பார்ட்டாவைப் புகழ்ந்த ஒருவர் இருந்தார். 1928-இல் எழுதி, தம் வாழ்நாளில் அச்சேறாத நூலில் அவ்வாறு புகழ்ந்தவர் அடால்ஃப் ஹிட்லர். ஸ்பார்ட்டாவை வியக்கத் தொடங்குபவர் எங்கே நிறுத்திக்கொள்வது என்பதைத் தெரிந்திருப்பது நல்லது.

சமத்துவம் யாருக்கு?

"அவர்கள் தம்மைச் 'சமமானவர்கள்' என்றே அழைத்துக்கொண்டார்களே! ஒரே பந்தியில் ஒரே உணவு உண்டார்களே!" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்தப் பந்திக்கு ஒவ்வொருவரும் மாதந்தோறும் வாற்கோதுமை, திராட்சை மது, பாலாடைக்கட்டி, அத்திப்பழம் ஆகியவற்றை அளக்க வேண்டும். அளக்க இயலாத ஏழை பந்தியை இழந்தான். பந்தியோடு குடியுரிமையையும் இழந்தான். ஏழையைச் சேர்த்து உண்பிக்க ஏற்பட்ட விருந்து, ஏழையை வெளியே தள்ளும் வாயிலாகிவிட்டது என்பதே அரிஸ்டாட்டிலின் கண்டனம்.

கி.மு. 399-ஐ ஒட்டி, இப்படித் தாழ்த்தப்பட்ட கினதான் என்ற இளைஞன் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டான். அவன் தன் தோழன் ஒருவனைச் சந்தைக்கு அழைத்துச் சென்று ஸ்பார்ட்டியர்களை எண்ணச் சொன்னான். மன்னர், எஃபோர்கள், முதியோர், மற்றோர் என எண்ணியதில் நாற்பது பேர் தேறினர். மிஞ்சிய நாலாயிரத்துக்கு மேற்பட்டோரையும் நம் பக்கத்தவராகக் கொள் என்றான் அவன். எசமானரின் பெயரைக் கேட்டாலே அவர்களைப் பச்சையாகத் தின்னத் துடிப்பவர்கள் இவர்கள் என்றும் அவன் கூறியதாக, ஸ்பார்ட்டாவின் நண்பரான செனபோனே எழுதியுள்ளார். திட்டம் வெளிப்பட்டது. ஏன் இதைச் செய்தாய் என்று கேட்டபோது, இந்நாட்டில் எவனுக்கும் தாழ்ந்தவனாய் இருக்கக் கூடாது என்பதற்காக என்றான் கினதான். கழுத்தையும் கைகளையும் பூட்டி, சவுக்கால் அடித்து, அவனை ஊர்வழியே இழுத்துச் சென்றனர்.

பெண்களுக்கு அங்கே சொத்துரிமை இருந்தது. பெண்மக்கள் உடற்பயிற்சி பெற்றனர். கினிஸ்கா என்ற அரசகுமாரியின் தேர் கி.மு. 396-இலும் 392-இலும் ஒலிம்பியாவில் வென்றது. இவை ஏதென்ஸ் நகரப் பெண்களுக்குக் கிட்டாத பேறுகள்; இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணின் கணவன் முப்பது வயதுவரை பாசறையில் உறங்கினான். அவள் வீட்டுக்கு இரவில் ஒளிந்து வந்து போனான். அவள் மகன் ஏழு வயதில் அரசின் உடைமையானான். போரில் மகன் இறந்தால் தாய் களிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தனர். சொத்து இருந்தது, குடும்பம் இருந்ததா?

"ஏதென்ஸிலும் அடிமைகள் இருந்தார்களே, ஸ்பார்ட்டாவை மட்டும் ஏன் சாட வேண்டும்?" என்றும் சிலர் வினவுவர். ஆம், லௌரியம் வெள்ளிச் சுரங்கங்களில் ஏதென்ஸின் அடிமைகள் பட்டபாடு சொல்லுந்தரமன்று. ஆயினும் லௌரியத்தைக் காட்டி, "பிள்ளைகளே, இப்படி வாழுங்கள்" என்று எவரும் மேடையில் பேசுவதில்லை. ஸ்பார்ட்டாவைக் காட்டித்தான் பேசுகிறார்கள். அதனால்தான் நமது கண்டனமும் அங்கே செல்கிறது.

அச்சம் தின்ற அரசு

அந்தக் கடும் பயிற்சிக்கெல்லாம் காரணம் பாரசீகன் அல்லன்; பக்கத்து வயலில் நின்ற ஹெலட்டே. கி.மு. 464-ஐ ஒட்டிப் பெரும் நிலநடுக்கம் நகரைச் சாய்த்தபோது, மெஸ்ஸீனிய ஹெலட்டுகள் கிளர்ந்தெழுந்து இத்தோமே மலையைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் போரிட்டனர். தான் நசுக்கியவனைக் கண்டு தானே நடுங்கிய நாடு அது. உறங்கும்போதும் வேலை அருகில் வைத்திருப்பவனை வீரன் என்பதா, அஞ்சி வாழ்பவன் என்பதா?

அந்த அமைப்பு தன் ஆட்களையே தின்று தீர்த்தது. கி.மு. 480-இல் ஸ்பார்ட்டியர் ஏறத்தாழ 8,000 பேர். கி.மு. 371-இல் லூக்ட்ராப் போரில் நின்றவர் 700 பேர். அவர்களுள் 400 பேர் வீழ்ந்தனர். தம் காலத்தில் அத்தொகை ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது என்றும், ஆள் பஞ்சத்தாலேயே அந்நகர் அழிந்தது என்றும் அரிஸ்டாட்டில் எழுதினார். லூக்ட்ராவில் உயிர் பிழைத்து ஓடியவர்களை 'நடுங்கிகள்' என்று ஒதுக்கினால் ஊரில் ஆண்களே மிஞ்சமாட்டார்கள். ஆகவே மன்னர் அஜெசிலாஸ், சட்டங்கள் இன்று ஒருநாள் உறங்கட்டும் என்று தீர்ப்பளித்தார். கண்நோய்க்காரன் அரிஸ்டோடிமஸ் ஒருவனாக இருந்தபோது உறங்காத சட்டம், முந்நூறு பேர் தப்பி வந்தபோது உறங்கிவிட்டது!

அடுத்த குளிர்காலத்தில் தீப்ஸ் நகரத் தளபதி எப்பமினோண்டாஸ் ஸ்பார்ட்டாவின் எல்லைக்குள்ளேயே புகுந்தார். திகைத்த ஆட்சியாளர், ஆயுதம் ஏந்தும் ஹெலட்டுக்கு விடுதலை என்று மீண்டும் அறிவித்தனர். ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் பெயர் கொடுத்தனர். அவ்வளவு பேர் வந்ததைக் கண்டு ஆட்சியாளர் பகைவனுக்கு அஞ்சியதைப் போலவே அவர்களுக்கும் அஞ்சினர். பிற்காலத்தில், நிலத்தைப் பங்கிட்டுக் கடனை நீக்கி நாட்டைத் திருத்த முயன்ற இளம் மன்னர் நான்காம் அகிஸை, கி.மு. 241-இல் அவருடைய தாயோடும் பாட்டியோடும் சேர்த்துக் கொன்றனர். திருந்துவதற்கு வந்த வாய்ப்பையும் ஸ்பார்ட்டா தன் கையாலேயே நெரித்துவிட்டது.

ஆனால் கி.மு. 369-இல் ஒரு நற்செயல் நடந்தது. எப்பமினோண்டாஸின் துணையோடு, இத்தோமே மலையடியில் மெஸ்ஸீனியர் தமக்கென ஒரு நகரம் கட்டினர். பல தலைமுறைகளாகப் பிறர்க்கு உழுதவர்கள் தமக்காகக் கல் சுமந்தனர். அந்த மெஸ்ஸீனியின் மதில்களும் வாயிற் கோபுரமும் இன்றும் நிற்கின்றன, செல்பவர் காணலாம். ஸ்பார்ட்டா ஒருநாள் பாழானால், எஞ்சிய அடித்தளங்களைக் கண்டு அதன் பழைய வல்லமையை எவரும் நம்பமாட்டார்கள் என்று தூசிடைடீஸ் எழுதியிருந்தார். அதுவும் அப்படியே ஆயிற்று.

பெற்றோர்களே! தெர்மாப்பிலியைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம் என்று நாம் கூறவில்லை. சொல்லுங்கள்; ஆனால் தெஸ்பியாவின் எழுநூறு பேரையும், கணக்கில் சேராத ஹெலட்டுகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாலை சூடி மறைந்து போன இரண்டாயிரம் பேரையும் சொல்லுங்கள். பிள்ளைக்கு உறுதி வேண்டும், ஐயமில்லை. ஆனால் தன் தட்டில் விழும் உணவை விளைத்தவன் யார் என்று கேட்கும் உள்ளத்திலிருந்துதான் அந்த உறுதி பிறக்க வேண்டும். அந்தக் கேள்வியை ஸ்பார்ட்டாவின் பாசறை எந்தப் பிள்ளைக்கும் கற்பிக்கவில்லை. நம் வகுப்பில் ஒரு சிறுவன் தானாகவே கேட்டான். "உட்கார்" என்று சொல்லி அவனை அமர்த்தியது நமது பிழை.